தன்னார்வலரை நிறுத்திய பிறகுதான் வேலை தொடங்குகிறது: நேபாளக் குழந்தைகள் இல்லம், ஒரு நிகழ்வு ஆய்வு

2015 நிலநடுக்கத்துக்கு முந்தைய நேபாளத்தில் 75 மாவட்டங்கள். பதிவு பெற்ற குழந்தைகள் இல்லங்களில் பத்துக்கு ஒன்பது, ஐந்தே மாவட்டங்களில் இருந்தன: காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், காஸ்கி, சித்வன். முதல் மூன்றும் காத்மாண்டுப் பள்ளத்தாக்கு. காஸ்கியில் போக்கரா என்ற சுற்றுலா நகரம் இருக்கிறது. சித்வனில் காண்டாமிருகம் பார்க்கக் கூட்டம் போகும் தேசியப் பூங்கா. உள்நாட்டுப் போரும் வறுமையும் மோசமாக அடித்தது மேற்கு மலை மாவட்டங்களை. இல்லங்கள் முளைத்ததோ வெளிநாட்டுப் பயணிகள் வந்து இறங்கும் ஊர்களில். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காகக் கட்டியவை என்றால், அவை இருந்திருக்க வேண்டிய இடம் வேறு.

அப்படிப்பட்ட ஓர் இல்லத்துக்கு நாங்கள் தன்னார்வலர்களை அனுப்பியதையும், பிறகு நிறுத்தியதையும், நிறுத்திய பின் செய்ய வேண்டியிருந்ததையும் இங்கே எழுதுகிறேன். இல்லத்தின் பெயரையும் எங்கள் நிறுவனத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை. அங்கே வளர்ந்தவர்கள் இன்று இருபதைத் தாண்டி, வேலை, கல்யாணம் என்று இருக்கிறார்கள். அவர்களுடைய கதையை யாரும் பெயர் போட்டுத் தேடக் கூடாது.

நான் இருந்தது, பல நாடுகளுக்குத் தன்னார்வலர்களையும் இன்டர்ன்ஷிப் மாணவர்களையும் அனுப்பும் லாப நோக்கமற்ற நிறுவனம் ஒன்றின் தெற்காசிய அலுவலகம். வேலை இதுதான்: விண்ணப்பம் வரும். வீடியோ அழைப்பில் நேர்காணல் செய்வோம். போலீஸ் சான்றிதழ், இரண்டு பேரின் பரிந்துரை, மருத்துவக் காப்பீடு எல்லாம் சரிபார்ப்போம். அப்புறம் பொருத்தமான இடம் தேடி, அங்கிருக்கும் கூட்டாளி அமைப்பிடம் பேசி, தேதி முடிவு செய்வோம். விமான நிலையத்தில் கூப்பிட ஆள், தங்க வீடு, வயிற்றுப்போக்கு வந்தால் எந்த ஆஸ்பத்திரி, ராத்திரி பதினோரு மணிக்கு அழுதுகொண்டு போன் செய்தால் யார் எடுப்பது, எல்லாம் எங்கள் பொறுப்பு. திரும்பிப் போகும்போது கருத்துப் படிவம் ஒன்றை நிரப்பித் தருவார்கள். அந்தப் படிவத்தின் மதிப்பெண்ணை வைத்துத்தான் அடுத்த ஆண்டு எந்த இடத்துக்கு எத்தனை பேர் என்று தலைமையகம் தீர்மானிக்கும்.

இந்த ஏற்பாட்டில் ஓர் அடிப்படைக் கோளாறு இருக்கிறது. மதிப்பெண் போடுபவர் போய் வந்தவர். போன இடத்தில் இருப்பவரிடம் யாரும் படிவம் நீட்டுவதில்லை.

இந்தத் துறையின் தொடக்கம் இப்படி இல்லை. 1920-ல் பியர் செரெசோல் என்ற சுவிஸ் பொறியாளர், முதல் உலகப் போரில் தரைமட்டமான பிரான்ஸின் வெர்டன் பகுதியில் எஸ்ன் என்ற கிராமத்துக்குச் சில தன்னார்வலர்களோடு போனார். அவர்களில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள். இடிந்த ஊரில் தற்காலிக வீடுகள் கட்டினார்கள். ஊர்க்காரர்களுக்கு ஜெர்மானியர் மீதிருந்த கோபம் ஆறவில்லை. எதிர்ப்பு வந்தது, சில மாதங்களில் குழு கிளம்பிவிட்டது. அந்த முயற்சியில் பிறந்ததுதான் சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல் என்ற சர்வதேசத் தன்னார்வ அமைப்பு. 1934-ல் பீகாரை நிலநடுக்கம் குலைத்தபோது அதே செரெசோல் இந்தியா வந்து, ராஜேந்திர பிரசாத் முன்னின்று நடத்திய நிவாரணப் பணியோடு சேர்ந்து, வெள்ளத்துக்கு ஆளாகும் கிராமங்களை வேறிடத்தில் கட்டும் வேலையில் இறங்கினார். எஸ்ன் ஊர்க்காரர்களால் 'வேண்டாம்' என்று சொல்ல முடிந்தது, வந்தவர்களும் போனார்கள். ஓர் இல்லத்தில் இருக்கும் ஏழு வயதுப் பிள்ளையால் அதைச் சொல்ல முடியாது. நான் பார்த்த அத்தனை இடங்களிலும் இல்லங்களைத் தனியாகப் பிரித்து யோசிக்க வேண்டியதற்குக் காரணம் இது ஒன்றே போதும்.

பிள்ளைகள் அங்கே எப்படி வந்தார்கள் என்பதைப் புரிந்துகொள்ள ஹும்லாவுக்குப் போக வேண்டும். நேபாளத்தின் வடமேற்கு மூலை, திபெத் எல்லை. நெடுங்காலம் நாட்டின் மற்ற பகுதிகளோடு இணைக்கும் சாலை கிடையாது. நேபாள்கஞ்சிலிருந்து சிறு விமானம் ஏறி, மாவட்டத் தலைநகரான சிமிகோட்டில் இறங்க வேண்டும். மேகம் கவிந்தால் அதுவும் இல்லை. அங்கிருந்து கிராமங்களுக்கு நடைதான், சில ஊர்களுக்கு நாள்கணக்கில். 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரில் மாவோயிஸ்டுகள் பிள்ளைகளைப் படையில் சேர்த்தார்கள். எந்த நேரம் யார் வந்து எந்தப் பிள்ளையைக் கேட்பார்களோ என்ற பயம் வீட்டுக்கு வீடு இருந்தது. அந்தப் பயத்துக்குள் ஒரு தரகர் வருவார். பெரும்பாலும் தெரிந்தவர், தூரத்துச் சொந்தக்காரராகக்கூட இருப்பார். "காத்மாண்டுவில் போர்டிங் ஸ்கூல், சாப்பாடு, இங்கிலீஷ் படிப்பு" என்பார். பெற்றோர் ஆட்டை விற்று, நிலத்தை அடகு வைத்து அவருக்குப் பணம் கொடுத்தார்கள். பிள்ளையைக் கொடுத்து, பணத்தையும் கொடுத்தார்கள். இதைச் சொன்னால் நம் ஊரில் பலர் நம்புவதில்லை. ஆனால் தங்கள் பிள்ளையைக் கைகழுவிய பெற்றோர் இல்லை இவர்கள். தங்களால் முடிந்ததிலேயே நல்ல பள்ளிக்கு அனுப்புகிறோம் என்று நம்பியவர்கள்.

பிள்ளை நகரத்துக்கு வந்ததும் காகித வேலை தொடங்கும். போர்க் காலத்தில் பல கிராம வளர்ச்சிக் குழுச் செயலர்கள் ஊரில் இல்லை, மாவட்டத் தலைநகரில் ஒதுங்கியிருந்தார்கள். கடிதத்தாளும் முத்திரையும் கிடைப்பது கஷ்டமாக இல்லை. தந்தை இறந்தார், தாய் மறுமணம் செய்துகொண்டு போய்விட்டார், பார்த்துக்கொள்ள உறவினர் யாருமில்லை என்று மூன்று வரி, கீழே முத்திரை. உயிரோடு இருக்கும் தகப்பன் அந்த வரியில் செத்துப்போவார். அந்தக் காலத்தில் நேபாளக் குழந்தைகளின் ஆவணங்கள் எவ்வளவு நம்பத்தகாதவை என்பதற்கு ஒரு சாட்சி உண்டு: 2010 ஆகஸ்டில் அமெரிக்கா, கைவிடப்பட்டவர்கள் என்று பதிவான நேபாளக் குழந்தைகளின் தத்தெடுப்பு விண்ணப்பங்களையே நிறுத்தி வைத்தது. தாள்களை நம்ப முடியவில்லை என்பதுதான் காரணம்.

தத்தெடுப்புக் கதவு சாத்தப்பட்டது. தன்னார்வலர் கதவு அகலத் திறந்தே இருந்தது. ஒரு தன்னார்வலர் கட்டும் தொகையில் கொஞ்சம் இல்லத்துக்குப் போகும். பெரிய பணம் அது இல்லை. அவர் ஊருக்குத் திரும்பிப் போய் உறவினர், தேவாலயம், கல்லூரி என்று திரட்டி அனுப்புவதுதான் பெரிய பணம். 'என் தம்பி', 'என் தங்கச்சி' என்று ஒரு முகம் மனதில் ஒட்டிக்கொண்டால் ஆண்டுக்கணக்கில் அனுப்புவார். அதனால் இல்லத்தில் பிள்ளைகள் இருந்துகொண்டே இருக்க வேண்டும், பார்க்கக் கொஞ்சம் பாவமாகவும் இருக்க வேண்டும். எங்கள் கூட்டாளி இல்லத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த புதுச் சட்டைகளும் ஸ்வெட்டர்களும் பீரோவில் பூட்டிக் கிடந்தன. பிள்ளைகள் முழங்கை கிழிந்த ஸ்வெட்டரோடு ஜனவரிக் குளிரில் வாசலில் நின்றார்கள்.

சந்தேகத்தைக் கிளப்பியது ஒரு கருத்துப் படிவம். மற்றதெல்லாம் முழு மதிப்பெண். எங்கள் பட்டியலிலேயே அதிக மதிப்பெண் அந்த இல்லத்துக்குத்தான், தொடர்ந்து. செவிலியர் படிப்பு மாணவி ஒருவர் மட்டும் கடைசிப் பக்கத்தில், காய்ச்சலில் கிடந்த ஒரு பையன் ராத்திரி முழுக்க 'ஆமா, ஆமா' என்று அனத்தியதாக எழுதியிருந்தார். ஆமா என்றால் நேபாளியில் அம்மா. காலையில் அவனிடம் கேட்டபோது, அம்மா ஊரில் இருக்கிறாள், வயலில் வேலை செய்கிறாள் என்று நிகழ்காலத்தில் சொன்னானாம். "இவன் அநாதை என்று சொன்னீர்களே?" என்று ஒரு கேள்வியோடு படிவம் முடிந்தது. ஒரு மாதம் அங்கே இருந்து, கவனித்து, கேட்கவும் கேட்ட அந்தப் பெண்ணுக்கு இந்தக் கதையில் பெரிய இடம் உண்டு.

காத்மாண்டுவில் எங்கள் களப்பணியாளர் நேபாளி. எல்லோரும் தீதி என்போம், அக்கா என்ற அர்த்தத்தில். குழந்தைகள் நலத்தில் பல காலம் வேலை செய்தவர். நான் போனபோது அவர் ஏற்கெனவே பிள்ளைகளின் கோப்புகளைக் கேட்டு வாங்கி வைத்திருந்தார். எங்கள் அலுவலகத்தில் இருந்தது அவற்றின் ஆங்கிலச் சுருக்கம் மட்டும். மூலம் நேபாளியில், தேதிகள் விக்ரம் சம்வத் ஆண்டில். ஆங்கில ஆண்டோடு ஏறக்குறைய ஐம்பத்தேழு கூட்டினால் வருவது. தலைமையகத்தில் யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது, படிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

தீதி மேசையில் தாள்களை வரிசையாகப் பரப்பினார். "தம்பி, கையெழுத்தைப் பார்" என்றார். வெவ்வேறு கிராமங்கள், வெவ்வேறு செயலர்கள், ஆனால் எழுதிய கை ஒன்று. 'க' எழுத்தின் வால் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி கீழே இழுபட்டிருந்தது. இறப்புக்குக் காரணம் அநேகமாக எல்லாவற்றிலும் 'நோய்'. ஒரு பெண் பிள்ளையின் தாளில், தகப்பன் இறந்த தேதிக்கு இரண்டு வருஷம் கழித்து அவள் பிறந்திருந்தாள். அந்தத் தாளைக் கையில் எடுத்தபோது தீதியின் முகம் இறுகிப்போனது. "இந்தத் தாளை வைத்து எத்தனை பேர் பணம் அனுப்பியிருக்கிறார்கள்" என்று மட்டும் கேட்டார்.

அன்று மாலை இல்லத்துக்குப் போனோம். கேட்டைத் திறந்ததும் முன்பின் பார்த்திராத என் கையை ஒரு சிறுமி வந்து பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை. வருகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் 'அன்பு' என்று படிவத்தில் எழுதினார்கள். ருமேனியாவில் 2000-ல் தொடங்கிய புக்கரெஸ்ட் ஆய்வு, நிறுவனங்களில் இருந்த 136 குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. சார்லஸ் நெல்சன், நேத்தன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா மூவரும் நடத்தியது. வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போன பிள்ளைகள் தேறினார்கள்; நிறுவனத்திலேயே நீடித்தவர்கள் பலவற்றில் பின்தங்கினார்கள். யாரென்று தெரியாதவரிடமும் தயக்கமில்லாமல் ஒட்டிக்கொள்வது, நிறுவனங்களில் வளரும் பிள்ளைகளிடம் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் பார்த்த ஓர் அடையாளம். நிலையான ஆள் ஒருவர் இல்லாத பிள்ளை வருகிறவரை எல்லாம் பிடித்துக்கொள்கிறது. வருகிறவர் நான்கு வாரத்தில் போய்விடுகிறார், அடுத்தவர் வருகிறார். எங்கள் கால அட்டவணையில் ஒரு தன்னார்வலர் போன மறுநாளே அடுத்தவர் வந்துவிடும்படி அடுக்கியிருந்தோம். இடைவெளி இல்லாமல் ஆள் அனுப்புவது எங்கள் அலுவலகத்தில் திறமையாக எண்ணப்பட்டது.

நம் ஊரிலும் பிறந்தநாளுக்கு இல்லத்தில் ஒருவேளை சாப்பாடு போடும் வழக்கம் இருக்கிறது. நல்ல மனசோடு செய்வதுதான். ஆனாலும் கேக் வெட்டுபவரைச் சுற்றிக் கை தட்டி நிற்கும் பிள்ளைகளுக்கு அது அந்த வாரத்தின் எத்தனையாவது பிறந்தநாள் என்று ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

அலுவலகத்தில் நடந்த விவாதம் எளிதாக இல்லை. நிதிப் பிரிவு கணக்கைக் காட்டியது: தெற்காசியாவில் அதிக விண்ணப்பம் வருவது குழந்தைகளோடு வேலை என்ற பிரிவுக்கு, அதில் முதலிடம் இந்த இல்லம். இன்னொரு தரப்பு உடனே எல்லாவற்றையும் நிறுத்து, பணத்தையும் நிறுத்து, நம் பெயர் இதில் இருக்கக் கூடாது என்றது. கேட்பதற்கு நேர்மையாக இருந்தது இந்த இரண்டாவது தரப்பு. என் கணக்கில் முதல் தரப்பைவிட ஆபத்தானதும் அதுதான். நாளைக்கே பணம் நின்றால் நாளைக்கே சாப்பாடு நிற்கும். பிள்ளைகளை வேறு இல்லத்துக்கு மாற்றுவார்கள், அல்லது வேறொரு அனுப்பும் நிறுவனம் அடுத்த மாதமே உள்ளே வரும். நம் கை சுத்தமாகிவிடும், இருபது சொச்சம் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்ற தடம் அழிந்துவிடும். தீதி தொலைபேசியில் சொன்னதுதான் முடிவைத் திருப்பியது: "ஆள் அனுப்புவதை இன்றைக்கே நிறுத்துங்கள். பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகாதீர்கள்."

இதே நிலையை இதற்கு முன்பே சந்தித்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் கதை பொதுவெளிக்கு வந்தது பிறகுதான். ஆஸ்திரேலியச் சட்ட ஆய்வாளர் கேட் வான் டூர், ஃபர்கெட் மீ நாட் என்ற தொண்டு நிறுவனத்தை 2006 வாக்கில் மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கியவர். நேபாளத்திலும் உகாண்டாவிலும் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தினார்கள். 2011-ல், தாங்கள் வளர்த்த பிள்ளைகள் அநாதைகள் இல்லை, ஏமாற்றிப் பிரித்துக் கொண்டுவரப்பட்டவர்கள் என்று தெரியவந்தது. அவர்கள் இல்லத்தைப் பூட்டிவிட்டுக் கிளம்பவில்லை. குடும்பங்களைத் தேடிப் பிள்ளைகளைச் சேர்க்கும் வேலைக்கு நிறுவனத்தையே திருப்பினார்கள். வான் டூர் பிறகு இதையே தன் ஆராய்ச்சித் துறையாக எடுத்துக்கொண்டார். தாளில் மட்டும் அநாதைகளாக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றிய அவருடைய கட்டுரை 2016-ல் வந்தது. நேபாளத்திலேயே நெக்ஸ்ட் ஜெனரேஷன் நேபாள் என்ற அமைப்பு ஹும்லா பிள்ளைகளின் குடும்பங்களைத் தேடும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவந்தது. தீதி பாதை கற்றது இப்படிப்பட்டவர்களிடமிருந்துதான்.

நாங்கள் செய்ததன் வரிசை முக்கியம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதலில் இணையப் பக்கத்திலிருந்து அந்த இடத்தை எடுத்தோம். பதிவு செய்திருந்தவர்களுக்கு ஒவ்வொருவராக போன் செய்து காரணத்தைச் சொன்னோம். சிலர் கோபப்பட்டார்கள், ஒருவர் அழுதார். பலர் புரிந்துகொண்டு வேறு வேலைக்கு மாறினார்கள். இல்லத்துக்குப் பணம் தொடர்ந்தது, ஆனால் போகும் வழி மாறியது: பள்ளிக் கட்டணம் நேரே பள்ளிக்கு, அரிசி பருப்புக்கான பணம் நேரே கடைக்கு. நிர்வாகியின் கைக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. இதிலேயே அவருடைய ஆர்வம் பாதி குறைந்தது. தலைமை மாவட்ட அதிகாரியின் தலைமையில் அப்போது இயங்கிய மாவட்டக் குழந்தைகள் நல வாரியத்துக்குத் தீதி எழுத்தில் புகார் கொடுத்தார். இல்லங்கள் எப்படி நடக்க வேண்டும் என்று அரசு 2012-ல் வகுத்த தர விதிகள் கையில் இருந்தன. பிள்ளைகளோடு பேச நேபாளி சமூகப் பணியாளர்கள் இருவரை நியமித்தோம். தன்னார்வலர் கட்டணத்திலிருந்து முன்பு இல்லத்துக்குப் போன தொகை இவர்களுக்குச் சம்பளமானது.

வெளியில் தெரியாத வேலை அதற்குப் பிறகு. பிள்ளைக்கு ஊர் பெயர் நினைவிருக்காது. ஒரு பாலம், ஒரு கோயில், பாட்டியின் பெயர், வீட்டு நாயின் பெயர் நினைவிருக்கும். பலருக்குக் குடும்பப் பெயரே மாற்றப்பட்டிருந்தது. சமூகப் பணியாளர் போட்டோவை எடுத்துக்கொண்டு சிமிகோட்டில் இறங்கி நடப்பார். வழியில் டீக்கடை, பள்ளிக்கூடம், சுகாதார நிலையம் என்று காட்டிக்கொண்டே போவார். கண்டுபிடித்த உடனே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் ஒப்படைத்துவிட மாட்டார்கள். முதலில் பெற்றோரின் போட்டோவும் கடிதமும் வரும். எழுதத் தெரியாதவர்கள் குரலைப் பதிந்து அனுப்புவார்கள். அப்புறம் தகப்பனோ தாயோ காத்மாண்டு வந்து பார்ப்பார்கள். அதற்குப் பிறகு தசைன் திருவிழாவுக்குச் சில நாள் ஊர் போய் வருவார்கள். தசைன் சமயத்தில் நேபாளமே சொந்த ஊருக்குக் கிளம்பும் என்பதால் பிள்ளைக்கு அது இயல்பாகவும் இருக்கும். தீதியின் யோசனை அது.

காய்ச்சலில் அம்மாவைத் தேடிய பையனின் தாய் வந்த அன்று அவன் அவளிடம் பேசவில்லை. அவளுடைய ஊர்ப்பேச்சு அவனுக்கு மறந்துபோயிருந்தது. அவனுடைய நகரத்து நேபாளியும் நடுநடுவே வந்த ஆங்கிலமும் அவளுக்கு ஓடவில்லை. சமூகப் பணியாளர் நடுவில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. தாய் மடியில் முடிந்து கொண்டுவந்த வால்நட்டுகளை ஒவ்வொன்றாக உடைத்து அவன் முன்னால் வைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவன் எடுத்துச் சாப்பிட்டான்.

எல்லோரும் வீடு திரும்பவில்லை, திரும்பியிருக்கவும் கூடாது. ஆங்கில வழியில் எட்டாவது படித்த பெண்ணை, பள்ளியே அரைகுறையாக நடக்கும் ஊருக்கு அனுப்பினால் அடுத்த வருஷம் கல்யாணம் முடித்துவிடுவார்கள் என்ற பயம் உண்மையானது. அப்படிப்பட்டவர்கள் மாவட்டத் தலைநகரில் அல்லது காத்மாண்டுவில் விடுதியில் தங்கிப் படித்தார்கள்; விடுமுறைக்கு வீடு. ஒரு குடும்பத்தில் திரும்பி வந்த பையனுக்கும் ஊரிலேயே வளர்ந்த அண்ணனுக்கும் ஒத்துப்போகவே இல்லை. அண்ணனுக்குக் கிடைக்காத படிப்பைத் தம்பி கொண்டுவந்திருந்தான், ஏர் பிடிக்கத் தெரியாமல் வந்திருந்தான். குடும்பத்தோடு சேர்ப்பது ஒரு நாள் விசேஷம் இல்லை. சமூகப் பணியாளர் ஆண்டுக்கணக்கில் போய் வர வேண்டும், அந்தச் செலவுக்கு நன்கொடை கேட்பது மிகக் கடினம். அநாதைப் பிள்ளைக்குப் பணம் தருபவர்கள், அம்மாவோடு இருக்கும் ஏழைப் பிள்ளைக்குத் தரத் தயங்குகிறார்கள். இந்த வேலையில் என்னை அதிகம் வருத்தியது இதுதான்.

2015 ஏப்ரல் 25-ம் தேதி 7.8 அளவு நிலநடுக்கம். ஏறக்குறைய 9,000 பேர் மாண்டார்கள். அந்த வாரமே எங்களுக்கு விண்ணப்பங்கள் குவிந்தன. 'குழந்தைகளுக்கு உதவ வேண்டும்' என்று. நேபாள அரசு வேகமாகச் செயல்பட்டது: பெற்றோரோ பாதுகாவலரோ இல்லாமல் பிள்ளைகளை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகத் தடை, வெளிநாட்டுத் தத்தெடுப்புக்குத் தடை, புதிய இல்லங்கள் பதிவுக்குத் தடை. சோதனைச் சாவடிகளில் காவல் கூடியது. ஜூன் மாதத்துக்குள் கடத்தலிலிருந்தும் தேவையில்லாமல் இல்லங்களில் சேர்ப்பதிலிருந்தும் 245 பிள்ளைகள் தடுத்துக் காப்பாற்றப்பட்டதாக யூனிசெஃப் சொன்னது. நிலநடுக்கத்துக்கு முன் நேபாள இல்லங்களில் சுமார் 15,000 பிள்ளைகள் இருந்தார்கள், அவர்களில் 85 சதவீதம் பேருக்குத் தாயோ தந்தையோ ஒருவராவது உயிரோடு இருந்தார்கள் என்ற மதிப்பீட்டையும் அப்போதுதான் பலரும் கவனித்தார்கள். நாங்கள் அந்த விண்ணப்பங்களில் கட்டடப் பொறியாளர்களையும், எலும்பு முறிவுக்குப் பிசியோதெரபி தெரிந்தவர்களையும் மட்டும் எடுத்தோம். அவர்களைக்கூட நேபாளி அமைப்புகள் கேட்ட பிறகு. மற்றவர்களிடம் பணமாகக் கொடுங்கள் என்றோம்.

அனுப்பும் நாடுகள் மெதுவாகத்தான் விழித்தன. 2017-ல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு நவீன அடிமைத்தனம் பற்றி விசாரித்தபோது இல்லங்களுக்காகப் பிள்ளைகள் கடத்தப்படுவதும் அதில் பேசப்பட்டது. 2018-ல் அங்கே நவீன அடிமைத்தனச் சட்டம் வந்தது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை குழந்தை உரிமைத் தீர்மானத்தில், இல்லங்களில் தன்னார்வலர் வேலை செய்வதால் வரும் தீங்கையும் குறிப்பிட்டது. நேபாளத்தின் 2018 குழந்தைகள் சட்டம், இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழி என்று வைத்திருக்கிறது. இவ்வளவு சட்டம் வந்த பிறகும் 'ஆர்பனேஜ் வாலண்டியர்' என்று தேடினால் விளம்பரம் வராமல் இல்லை.

எங்கள் அலுவலகத்தில் இன்றைக்கு இடம் தேர்ந்தெடுக்கும் முறை வேறு. முதல் தாளை எழுதுவது கூட்டாளி அமைப்பு: எங்களுக்கு இந்த வேலைக்கு ஆள் வேண்டும், இத்தனை மாதம், இந்தத் திறமை. இந்த வேலைக்கு நேபாளி ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து வைக்க முடியுமா என்று அடுத்து கேட்போம். முடியும் என்றால் தன்னார்வலர் இல்லை. அந்தச் சம்பளத்துக்கு நிதி தேடித் தருகிறோம். விசாவையும் பார்க்கிறோம். சுற்றுலா விசாவில் வந்து சம்பளம் இல்லாமல் வேலை செய்வதும் நேபாளக் குடிவரவு விதிப்படி குற்றம். பல ஆண்டுகள் இந்தத் துறை அதைக் கண்டுகொள்ளாமல் இருந்தது. ஆசிரியர் வருகிறார் என்றால் வகுப்பறையில் பிள்ளைகளுக்கு முன் நிற்க மாட்டார். உள்ளூர் ஆசிரியர்களோடு உட்கார்ந்து பாடம் தயாரிப்பார். இன்டர்ன்ஷிப் மாணவர்களுக்குக் கணக்கு, ஆவணம், நன்கொடையாளர் அறிக்கை என்று மேசை வேலை. 'போரடிக்கிறது' என்று படிவத்தில் எழுதுகிறார்கள். எழுதட்டும். கூட்டாளி அமைப்பு நிரப்பும் படிவம் இப்போது தனியாக இருக்கிறது, முடிவெடுப்பது அதை வைத்துத்தான். விண்ணப்பங்கள் குறைந்தன, வருமானமும் குறைந்தது. அந்த இடைவெளி இன்றுவரை முழுதாக நிரம்பவில்லை.

அந்த இல்லம் மூடப்பட்டது. நிர்வாகி மீதான வழக்கு இழுத்துக்கொண்டு போய், சாட்சி சொல்ல மலையிலிருந்து வர வேண்டிய பெற்றோருக்கு வழிச்செலவு ஏற்பாடு செய்வதே பெரிய பாடாக முடிந்தது.

பிள்ளைகளுக்கு இன்னும் பாக்கி இருக்கும் வேலை குடியுரிமைச் சான்று. நேபாளத்தில் பதினாறு வயது நிரம்பினால் நாகரிகதா என்ற அந்தச் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம். அது இல்லாமல் வங்கிக் கணக்கு, பாஸ்போர்ட், அரசு வேலை எதுவும் நடக்காது. அதை வாங்கத் தகப்பனோ தாயோ தங்கள் சான்றோடு வந்து நிற்க வேண்டும். இவர்களுடைய பள்ளிச் சான்றிதழிலோ தரகர் வைத்த பெயர், வேறு குடும்பப் பெயர், தகப்பன் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற'. அதனால் ஒவ்வொருவருக்கும் முதலில் பள்ளிப் பதிவைத் திருத்த வேண்டும், அப்புறம் பிறப்புப் பதிவை, அதற்குப் பிறகு தகப்பனோடு மாவட்ட நிர்வாக அலுவலகத்துக்குப் போக வேண்டும். எங்கள் சமூகப் பணியாளர் ஒருவருக்கு இப்போது இதுதான் முழு நேர வேலை. கடந்த தசைனுக்கு முன்னால் மூன்று பேருக்குச் சான்று கிடைத்தது. ஒரு பெண்ணின் மனு திரும்பி வந்திருக்கிறது. பிறந்த தேதிக்கு முன்பே தகப்பன் இறந்ததாகத் தாள் வைத்திருந்தவள் அவள்தான். அவளுடைய தகப்பன் மறுபடி சிமிகோட்டிலிருந்து வர வேண்டும்; டிக்கெட் போட்டாயிற்று.